எஞ்சிய கருவும் ஒரு கையெழுத்தும்

ஜாசின், அலோர் காஜா பக்கத்துத் தோட்டங்களிலிருந்து பிள்ளைப்பேறு வேண்டி மலாக்கா பட்டணத்துக்கு வரும் தம்பதிகள் உண்டு. சோதனைக்குழாய் முறையில் பல கருக்கள் உருவாகலாம். ஒன்றோ இரண்டோதான் தாயின் கருப்பைக்குள் வைக்கப்படும். மற்றவை உறைநிலையில் காத்திருக்கும்.

1998இல் அமெரிக்காவில் ஜேம்ஸ் தாம்சன் குழுவினர், இப்படித் தம்பதிகள் கொடுத்த கருக்களிலிருந்துதான் குருத்தணுக்களைப் பிரித்தெடுத்தார்கள். உடலின் எந்த உறுப்புக்கான அணுவாகவும் மாறவல்லவை அவை. ஆனால் அவற்றை எடுத்தால் கரு அழியும். வழக்கே அங்குதான்.

மலேசியாவில் 2005இல் தேசிய ஃபத்வா மன்றம், எஞ்சிய கருக்களை ஆய்வுக்குப் பயன்படுத்த நிபந்தனைகளோடு இடமளித்தது. சுகாதார அமைச்சின் 2009ஆம் ஆண்டு வழிகாட்டி, ஆய்வுக்கென்றே கருவை உருவாக்குவது கூடாது என்றது. அது வழிகாட்டிதான், சட்டமன்று.

கருவைக் கொடுப்பவர் விவரமறிந்து சம்மதிக்க வேண்டும். நல்லது. தமிழ்ப்பள்ளியோடு படிப்பை நிறுத்திய ஒரு தாய்க்கு ஆங்கிலப் படிவம் என்ன விவரத்தைச் சொல்லும்? பிள்ளை ஏக்கத்தில் இருப்பவள் டாக்டரைக் கேள்வி கேட்கவும் தயங்குவாள். தமிழ் தெரிந்த தாதி ஒருவர் பக்கத்தில் அமர்ந்து விளக்க வேண்டும். 'வேண்டாம்' என்றாலும் சிகிச்சைக்குப் பாதகமில்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும், கையெழுத்துக்கு முன்பே.