முதற்பட்டம் பெற்றோரை வாழ்த்துவோம். இடையில் நின்றோரையும் நினைப்போம்

(மரக்காணத்தில் கல்விக் கழக வெள்ளி விழாவில் ஆற்றிய உரை)

      

இக்கழகம் தோன்றிய நாளில் அதன் உதவியைப் பெற்ற முதல் அணி மாணவர்களின் சார்பில் சில சொற்கள் கூறும் வாய்ப்பு எங்களுக்கு அளிக்கப்பட்டிருக்கிறது. 25 ஆண்டுகளுக்கு முன் இக்கழகப் பெரியவர்கள் கையிலிருந்து குறிப்பேடுகளையும் பேருந்துக் கட்டணத்தையும் பெற்றுக்கொண்டு படிக்கப் போனவர்கள் நாங்கள். இன்று, தத்தம் குடும்பத்தில் முதன்முதலாகப் பல்கலைக் கழகப் பட்டம் பெற்ற பிள்ளைகள் வரிசையாக அமர்ந்திருப்பதைக் காணும்போது எங்கள் நெஞ்சம் நிறைகிறது. இவர்களை வாழ்த்துவது எங்கள் முதற்கடமை. அதனோடு, எங்கள் நெஞ்சில் நெடுநாள் கிடக்கும் ஒரு குறையையும் இந்த அவையில் சொல்லியாக வேண்டும்.

நம் ஊர் பழம்பெருமை உடையது. சிறுபாணாற்றுப்படையில் வரும் எயிற்பட்டினம் இந்த மரக்காணமே என்பது அறிஞர்கள் கருத்து. அதே நூலில் வரும் கிடங்கில் இன்றைய திண்டிவனத்தின் ஒரு பகுதி. உப்பு வண்டி செலுத்திச் சென்ற உமணர்களும் அந்நூலில் இடம் பெறுகிறார்கள். ஆக, இக்கரை வழியே உப்பும் போயிற்று, தமிழும் போயிற்று. ஆனால் அளத்தில் வெயில் தாங்கி உப்பு வாரிய மக்களின் குடிசைக்கு எழுத்து வர எத்தனை நூற்றாண்டுகள் ஆயின! சென்னைப் பல்கலைக் கழகம் 1857-இல் தோன்றியது. சிதம்பரத்தில் அண்ணாமலைப் பல்கலைக் கழகம் 1929-இல் எழுந்தது. இதே கடற்கரைச் சாலையில், நமக்குத் தெற்கே காலாப்பட்டில், புதுவைப் பல்கலைக் கழகம் 1985-இல் அமைந்தது. பேருந்தில் ஏறினால் சிறிது நேரத்தில் அதன் வாயிலில் இறங்கிவிடலாம். ஆனால் அந்த வாயிலைக் கடந்து உள்ளே செல்ல நம் குடும்பங்களுக்கு ஒரு தலைமுறைக்கு மேல் ஆயிற்று. சாலையின் நீளத்தை அளந்துவிடலாம். சாதியும் வறுமையும் இட்ட தூரத்தை எந்தக் கோலால் அளப்பது?

அந்தத் தூரத்தைக் குறைக்க முன்னோர் பட்ட பாட்டை இளைஞர்கள் அறிய வேண்டும். சுவாமி சகஜானந்தர் 1890-இல் ஆரணிக்கு அருகே மேல்புதுப்பாக்கத்தில் எளிய குடும்பத்தில் பிறந்தவர். நம் திண்டிவனத்தில் மிஷன் பள்ளியில் பயின்றவர். அவர் 1916-ஆம் ஆண்டில், நந்தனாரின் பெயரோடு பிணைந்த அதே சிதம்பரத்தில், அந்த நந்தனாரின் பெயரால் கல்விக் கழகமும் பள்ளியும் நிறுவினார். தாழ்த்தப்பட்ட பிள்ளைகளுக்குப் பாடத்தோடு உண்டியும் உறையுளும் கிடைக்க உழைத்தார். பசித்த பிள்ளை படிக்க முடியாது, தங்க இடமற்ற பிள்ளை தொடர முடியாது என்பதை அவர் அறிந்திருந்தார்.

அண்ணல் அம்பேத்கர் வாழ்க்கையிலும் நாம் கருதத்தக்க ஒரு செய்தி உண்டு. அவர் 1913-இல் பரோடா மன்னரின் உதவித் தொகை பெற்று அமெரிக்கா சென்று கொலம்பியாப் பல்கலைக் கழகத்தில் பயின்றதை எல்லாரும் பேசுகிறோம். 1916-இல் இலண்டன் சென்று பொருளாதாரப் படிப்பில் சேர்ந்த அவர், உதவித் தொகைக் காலம் முடிந்துவிட்டதால் 1917-இல் படிப்பை நடுவில் நிறுத்தித் தாயகம் திரும்ப நேர்ந்ததைச் சிலரே பேசுகிறோம். பம்பாயில் கல்லூரி ஆசிரியராக வேலை பார்த்துப் பணம் சேர்த்து, நண்பர் உதவியும் கோலாப்பூர் மன்னர் சாகுவின் உதவியும் பெற்று, 1920-இல் மீண்டும் இலண்டன் சென்றார். 1923-இல் டாக்டர் பட்டம் பெற்றார். அத்தகைய பேரறிஞரின் படிப்பையே பணமின்மை மூன்று ஆண்டுகள் தடுத்து நிறுத்தியது என்றால், நம் பிள்ளைகள் நிலையை எண்ணிப் பாருங்கள்! படிப்பு நின்றுபோனவன் எல்லாம் அறிவில்லாதவன் என்று இனி யாரும் சொல்லாதிருப்போமாக.

இப்போது எங்கள் குறையைச் சொல்கிறோம். எங்கள் அணியில் ஒரு தோழன் இருந்தான். எங்கள் எல்லாரையும் விடக் கணக்கில் வல்லவன். அளத்தில் ஏற்றிய மூட்டைகளுக்கு எவ்வளவு கூலி வரவேண்டும் என்பதை மேஸ்திரி கூட்டி முடிக்குமுன் மனத்திலேயே கூட்டிச் சொல்லிவிடுவான். எங்களோடு கல்லூரியில் சேர்ந்தான். இரண்டாம் ஆண்டின் அக்டோபர் மாதத்தில் பருவத் தேர்வுக் கட்டணம் கட்ட வேண்டியிருந்தது. வந்திருக்க வேண்டிய அரசு உதவித் தொகை வரவில்லை. கட்டணம் கட்டாதவர்க்கு நுழைவுச் சீட்டு இல்லை என்று கல்லூரி அலுவலகத்தில் சொல்லிவிட்டார்கள். அவன் யாரிடமும் வாய் திறக்கவில்லை. பெட்டியை எடுத்துக்கொண்டு ஊர் திரும்பினான். உதவித் தொகை ஜனவரியில் வந்தது. அப்போது அவன் உப்புப் பாத்தி மிதித்துக்கொண்டிருந்தான். கல்லூரிக்கு மீண்டும் போகவில்லை. அவனுக்கு வேண்டியிருந்த தொகை மிகச் சிறியது. நாங்கள் ஆளுக்குக் கொஞ்சம் போட்டிருந்தால் முடிந்திருக்கும். எங்களுக்குத் தெரியவில்லை, தெரிந்துகொள்ள நாங்கள் முயலவும் இல்லை. இந்தக் குற்றத்தை வேறு எவர் மீதும் ஏற்ற எங்களுக்கு மனமில்லை.

அது ஏன் அக்டோபரில் நேர்ந்தது என்று கேளுங்கள். இதில்தான் நம் மண்ணின் உண்மை அடங்கியிருக்கிறது. நம் அளங்களில் ஜனவரி வாக்கில் பாத்தி திருத்தி வேலை தொடங்குகிறது. கோடை முழுவதும் உப்பு விளைகிறது. வடகிழக்குப் பருவமழை இறங்கும் அக்டோபரில் பாத்திகள் நீரில் மூழ்குகின்றன. அந்த மூன்று மாதமும் கூலி இல்லை. அடுப்பு எரிவதே கடன் வாங்கித்தான். கல்லூரிகளிலோ நவம்பர் பருவத் தேர்வுக்கான கட்டணம் கேட்கும் காலமும் அதுவே. வயல் வேலை செய்வோர்க்கு மழை வாழ்வு தருகிறது. நமக்கு அதே மழை வேலையைப் பறிக்கிறது. பல்கலைக் கழக நாட்காட்டியை வகுத்தவர்கள் உப்பளத்து நாட்காட்டியைக் கண்டதில்லை. இந்த இரண்டு நாட்காட்டிகளுக்கும் இடையிலே சிக்கித்தான் எங்கள் தோழனின் படிப்பு நின்றது.

அரசு உதவி இல்லையா என்றால், உண்டு. தாழ்த்தப்பட்ட மாணவர்க்கு மெட்ரிக் படிப்புக்குப் பிந்தைய உதவித் தொகைத் திட்டம் 1944 முதல் நடைபெறுகிறது. 2020 டிசம்பரில் எடுத்த முடிவின்படி அதன் செலவில் 60 விழுக்காட்டை மத்திய அரசும் 40 விழுக்காட்டை மாநில அரசும் ஏற்கின்றன. தொழிற்கல்வியில் ஒற்றைச் சாளர முறையில் சேரும் முதல் தலைமுறைப் பட்டதாரிகளுக்குத் தமிழக அரசு 2010-11 கல்வியாண்டில் கட்டணச் சலுகை அளிக்கத் தொடங்கியது. அரசுப் பள்ளியில் பயின்று உயர்கல்வி பெறும் பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாய் வழங்கும் புதுமைப் பெண் திட்டம் 2022-லும், மாணவர்களுக்கான தமிழ்ப் புதல்வன் திட்டம் 2024-லும் தொடங்கின. உப்பளத் தொழிலாளர் குடும்பங்களுக்கு மழைக்கால நிவாரணமாக 5,000 ரூபாய் வழங்கும் திட்டமும் 2022-இல் தொடங்கியது. இவை எவரும் இரங்கி இட்ட பிச்சை அல்ல. போராடிப் பெற்ற உரிமை. தலைநிமிர்ந்து கேட்டுப் பெறுங்கள்.

ஆயினும் உரிமை ஏட்டில் இருப்பது வேறு, உரிய நாளில் கைக்கு வருவது வேறு. சாதிச் சான்று, வருமானச் சான்று, முதல் பட்டதாரிச் சான்று, ஆதாரோடு இணைந்த வங்கிக் கணக்கு ஆகியவற்றில் ஒன்று பிசகினாலும் பணம் நின்றுவிடுகிறது. படித்த குடும்பத்துப் பிள்ளைக்கு அதைச் சரி செய்ய வீட்டில் ஓர் அண்ணனோ மாமனோ இருப்பார். நம் பிள்ளைக்கு வீட்டில் அன்பு உண்டு. வழி தெரிந்தவர் இல்லை. முதல் தலைமுறை என்பதன் பொருள் இதுவே. அறிவில் முதல் என்பதன்று. வழியில் முதல் என்பது. நீரின் கனம் பார்த்து எப்போது பாத்திக்குத் திறப்பது என்று முடிவு செய்யும் நம் தாய் தந்தையர்க்கு அறிவில்லை என்று எந்தப் பல்கலைக் கழகம் சொல்லும்?

ஆதலின் பட்டதாரிச் செல்வங்களே! உங்களிடம் நன்றியை நாங்கள் கேட்கவில்லை. வழிகாட்டலைக் கேட்கிறோம். நீங்கள் எந்தக் கல்லூரியில் படித்தீர்களோ, அங்கே இவ்வூரிலிருந்து இவ்வாண்டு சேரும் பிள்ளையின் பெயரைத் தெரிந்து வையுங்கள். மாதம் ஒருமுறை பேசுங்கள். "கட்டணம் கட்டிவிட்டாயா?" என்று வாய்விட்டுக் கேளுங்கள். அந்த ஒரு கேள்வியை எங்கள் தோழனிடம் நாங்கள் கேட்கவில்லை. ஆங்கிலத்தில் ஆசிரியர் பேசுவது முதற்பருவத்தில் விளங்காதது இயல்பு என்று சொல்லித் தேற்றுங்கள். நீங்களும் ஊர்ப்பெயரை, தெருப்பெயரை மறைத்து வாழாதீர்கள். உங்களைக் கண்டுபிடிக்க முடியாவிட்டால் பின்னால் வருபவன் யாரைத் தேடி வருவான்?

கழகப் பெரியோர்க்கு எங்கள் விண்ணப்பம் இரண்டு. முதலாவது, மழைக்கால நிதி ஒன்று ஏற்படுத்துங்கள். கோடையில் கூலி வரும்போது சிறுகச் சேர்த்து, செப்டம்பரிலேயே தேர்வுக் கட்டணம் கட்டிவிட்டு, உதவித் தொகை வந்ததும் திரும்பப் பெறுங்கள். எங்கள் அணியினர் சார்பில் முதல் தொகையை இன்றே இம்மேடையில் செலுத்துகிறோம். இரண்டாவது, இவ்விழா மலரில் பட்டம் பெற்றோர் பட்டியலை அச்சிட்டிருக்கிறீர்கள், மகிழ்ச்சி. படிப்பை இடையில் நிறுத்தியோர் பட்டியல் ஒன்றையும் எழுதிக் கழகத்திலே வையுங்கள். அவர்களை நாணச் செய்வதற்காக அன்று, மீண்டும் அழைப்பதற்காக. தொலைநிலைக் கல்வி உண்டு. திறந்தநிலைப் பல்கலைக் கழகமும் உண்டு. அண்ணல் மூன்றாண்டு கழித்து மீண்டும் சென்றார் அல்லவா?

தாய்மார்களே! உங்கள் பாதங்களில் உப்பு அரித்த வடு இருக்கிறது. உங்கள் பிள்ளைகள் தோளில் இன்று பட்டமளிப்பு அங்கி இருக்கிறது. அவ்வங்கியை நெய்ததில் உங்கள் பங்கே பெரிது. அந்த எங்கள் தோழன் இன்று இவ்வரங்கின் பின்வரிசையில் அமர்ந்திருக்கிறான். அவன் மகள் இவ்வாண்டு பட்டம் பெற்று முன்வரிசையில் அமர்ந்திருக்கிறாள். தேர்வுக் கட்டணத்தை ஒவ்வோர் ஆண்டும் ஆகஸ்டு மாதத்திலேயே ஒதுக்கி வைத்ததாக அவன் எங்களிடம் சொன்னான். அந்தக் கணக்கில் அவன் தவறவே இல்லை.

அவனையும் அவன் மகளையும், இங்குள்ள ஒவ்வொரு முதற்பட்டதாரியையும், அவர்களைப் பெற்றோரையும் வாழ்த்தி விடைபெறுகிறோம்.