பங்களாவில் எழுதியதும் லயத்தில் எழுதியதும்



பிரெஞ்சு இலக்கியம் பற்றிப் பேச வந்திருக்கிறேன். மலேசியாவில் இருக்கும் நம் சுங்காய்க்கும் பிரான்சுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். சம்பந்தம் இருக்கிறது. இந்த நாட்டிலிருந்து இரண்டு சங்கதிகள் அங்கே போயின. ஒன்று மலாய்க்காரர்களின் பந்துன் என்னும் பாட்டு. மற்றது நம்முடைய தோட்டம்.

பந்துன் உங்களுக்குத் தெரியும். முதல் இரண்டடியில் ஆறோ பறவையோ வரும். மனசில் இருப்பது அடுத்த இரண்டடியில் வரும். அதிலேயே தொடர் பந்துன் என்று ஒரு வகை உண்டு. ஒரு பாட்டின் இரண்டாம், நான்காம் அடிகள் அடுத்த பாட்டின் முதல், மூன்றாம் அடிகளாகத் திரும்பி வரும். காரைக்கால் அம்மையாரின் அந்தாதியைப் படித்த நமக்கு இது புதிதல்ல. அங்கே ஒரு பாட்டு முடிந்த இடத்தில் அடுத்தது எழும். இங்கே முழு அடியே மறுபடி வந்து நிற்கும்.

1812-இல் வில்லியம் மார்ஸ்டன் தமது மலாய் இலக்கண நூலில் வண்ணத்துப்பூச்சிகளைப் பாடும் தொடர் பந்துன் ஒன்றைச் சேர்த்தார். எர்னஸ்ட் ஃபூனே அதைப் பிரெஞ்சில் பெயர்த்தார். 1829-இல் விக்டர் ஹியூகோ கீழ்த்திசையைப் பாடிய தம் கவிதைத் தொகுப்பின் பின்குறிப்பில் அதை வெளியிட்டார். ஹியூகோ போன்ற ரொமான்டிக் கவிஞர்களுக்குக் கீழ்த்திசை மேல் தீராத மோகம். ஆகவே மலாய்ப் பாட்டை மார்போடு அணைத்துக்கொண்டார்கள். 1857-இல் கவிஞர் போதலேர், விதியைக் கொஞ்சம் மீறி, அடிகள் சுழன்று சுழன்று வரும் ஒரு மாலைக் கவிதை எழுதினார். அவருக்கு வேண்டியிருந்தது அந்தச் சுழற்சி தரும் மயக்கம். பிறகு வந்த பர்னாசியர்கள் உணர்ச்சியை அடக்கி, வடிவத்தைச் செதுக்கியவர்கள். அவர்களில் ஒருவரான லெக்கோந்த் த லீல் 1884-இல் மலாய்ப் பந்துன்கள் என்றே தலைப்பிட்டு எழுதினார். ஒரே வடிவம்தான், ஒவ்வோர் இயக்கமும் தனக்கு வேண்டியதை அதிலிருந்து எடுத்துக்கொண்டது.

இனி தோட்டத்துக்கு வருவோம். ஆன்றி ஃபோகோனியே என்ற பிரெஞ்சுக்காரர் 1905-இல் மலாயாவுக்கு வந்து சிலாங்கூரில் ரப்பர் போட்டார். 1917-இல் வர்த்தகத்துக்காகவே செம்பனை பயிரிட்ட, மலாயாவின் முதல் தோட்டமான தென்னமரமும் அவர் முயற்சிதான். இன்றைக்கு நம்மைச் சுற்றி நிற்கும் செம்பனைக்கு அவர் ஒரு வகையில் பாட்டன். அவர் இந்த நாட்டைப் பற்றி எழுதிய ‘மலேசீ’ நாவலுக்கு 1930-இல் பிரான்சின் பெரும் பரிசான கொன்கூர் கிடைத்தது. இந்த மண்ணை நேசித்துத்தான் எழுதினார், மறுக்கவில்லை. ஆனால் அது தோட்டத் துரையின் பங்களாவிலிருந்து தெரிந்த மலாயா.

அடுத்த பிரெஞ்சுக்காரர் பியர் பூல். 1936-இல் ரப்பர் தோட்ட வேலைக்கு வந்தவர். அவர் வந்த சில ஆண்டுகளில் போரும் வந்தது. 1942 ஜனவரி 7-இல் இதோ பக்கத்தில், ஸ்லிம் ரிவரில், ஜப்பானியர் டாங்கியை ஓட்டிக்கொண்டு ஆங்கிலேயர் அணியைப் பிளந்தார்கள். நாலே நாளில் கோலாலம்பூரும் விழுந்தது. பிறகு நடந்ததை உங்கள் தாத்தாமார் சொல்லியிருப்பார்கள். தோட்டம் தோட்டமாகப் புகுந்து ஆட்களைச் சயாமுக்குக் கொண்டுபோனார்கள். அவர்களையும் வைத்துப் போட்டது 415 கிலோமீட்டர் ரயில் பாதை. காலராவிலும் மலேரியாவிலும் பட்டினியிலும் நம்மவர் பல்லாயிரம் பேர் அங்கேயே போனார்கள்.

அந்தப் பாதையை வைத்து 1952-இல் பூல் குவாய் ஆற்றுப் பாலம் பற்றி நாவல் எழுதினார். 1957-இல் அது படமாகி உலகமே பார்த்தது. கதையின் நடுவில் நிற்பது ஓர் ஆங்கிலேயக் கர்னல். பாதை போட்டுச் செத்தவர்களில் பெரும்பகுதி ஆசியத் தொழிலாளர்கள். மரம் சீவிய கையோடு அங்கே போன முனியாண்டியும் மாரியாயியும் அந்தக் கதையில் எங்கே?

பூலைக் குறை சொல்லி என்ன பயன்? அவர் தம் இடத்திலிருந்து எழுதினார். நம் இடத்திலிருந்து, தொழிலாளர் குடியிருப்பான லயத்தின் பக்கமிருந்து, ஆர். சண்முகம் ‘சயாம் மரண ரயில்’ எழுதினார், அ. ரெங்கசாமி ‘நினைவுச் சின்னம்’ எழுதினார். நாவல் என்ற வடிவம் ஐரோப்பாவிலிருந்து வந்ததுதான். பந்துன் இங்கிருந்து அங்கே போனதுதான். வடிவம் யாருக்கும் பட்டா போட்ட நிலம் அல்ல. எந்த வாசலில் உட்கார்ந்து பார்க்கிறோம் என்பதில்தான் இலக்கியம் மாறுகிறது.

அதனால் பிள்ளைகளே, உங்களிடம் ஒரு வேலை ஒப்படைக்கிறேன். வீட்டுக்குப் போய்ப் பாட்டியிடம் கேளுங்கள். எந்த நிரையில் ரப்பர் மரம் வெட்டினாள், பால் மங்கு துடைக்க யார் கூட வந்தார்கள், வேலை வாங்கிய தண்டல் பேர் என்ன, சயாமுக்குப் போய்த் திரும்பாதவர் யார் யார். கேட்டதைத் தேதி போட்டு நோட்டில் எழுதுங்கள். அதைக் கதையாக்கலாம், அந்தாதியாக்கலாம், தமிழில் ஒரு பந்துனாகவும் கட்டலாம். கொன்கூர் வரட்டும், வராமல் போகட்டும். துரை தனக்குத் தெரிந்ததை எழுதிவிட்டுப் போய்விட்டார். நமக்குத் தெரிந்ததை நாம்தான் எழுத வேண்டும்.