கரிசல் தண்ணீரும் கல்யாணப் பல்லும்



கோவில்பட்டிப் பக்கம் ஒரு கல்யாணம் என்றால் மண்டபத்துக்கு அட்வான்ஸ் கொடுத்து, பத்திரிகை அடித்து, ஜவுளி எடுத்து, சமையல்காரரிடம் பேசி முடித்த பிறகுதான் பல் ஞாபகத்துக்கு வரும். ஞாபகப்படுத்துகிறவர் பெரும்பாலும் போட்டோகிராபர். “கொஞ்சம் சிரிங்க சார்” என்பார். மாப்பிள்ளை உதட்டை மூடிக்கொண்டே சிரிப்பார். பக்கத்தில் நிற்கும் அக்கா, “பல்லு தெரியச் சிரிடா” என்று அதட்டுவார். நிச்சயதார்த்த ஆல்பத்தில் அந்த இறுகிய வாய் அப்படியே விழுந்துவிடும். முகூர்த்தத்துக்கு இருபது நாள்தான் இருக்கும். மாப்பிள்ளை துபாயிலிருந்து லீவில் வந்தவர் என்றால், அவர் விமானம் ஏறவும் முப்பது நாள்தான்.

பல்லை வெள்ளையாக்க வேண்டும் என்ற ஆசை எல்லா ஊரிலும் உண்டு. கரிசல் காட்டில் அதற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. அது தண்ணீர்.

ஓட்டப்பிடாரம் வட்டாரத்தில் நிலத்தடி நீரைச் சோதித்த ஆய்வாளர்கள், பல கிராமங்களில் ஃப்ளூரைடு அளவுக்கு மீறி இருப்பதைப் பதிவு செய்திருக்கிறார்கள். குடிநீரில் லிட்டருக்கு 1 மில்லிகிராம் இருக்கலாம், வேறு வழியில்லை என்றால் 1.5 வரை பொறுத்துக்கொள்ளலாம் என்பது இந்தியத் தர நிர்ணயம். பாறைக்குள் ஃப்ளூரைடு இருக்கிறது. ஆழத்தில் நெடுநாள் தேங்கும் தண்ணீர் அதைக் கரைத்துக்கொள்கிறது. மழைநீரில் அது இல்லை என்றே சொல்லலாம். ஊருணியில் மழைத்தண்ணீரைத் தேக்கிக் குடித்த தலைமுறைக்கும் ஆழ்துளைக் கிணற்றை நம்பிய தலைமுறைக்கும் உள்ள வித்தியாசம் சில வீடுகளில் வாயைத் திறந்தாலே தெரியும்.

ஃப்ளூரைடு தண்ணீர் குடித்து வளர்ந்த பல்லைக் கிட்டத்தில் பார்த்தால், சிலருக்குச் சுண்ணாம்பு தடவியது போல வெள்ளைத் திட்டு. சிலருக்குக் குறுக்கே மெல்லிய கோடு. முற்றிப்போனால் காப்பிக்கொட்டை நிறத்தில் கறை, அங்கங்கே ஊசி குத்தியது போலக் குழி. முன்பல்லின் எனாமல் உருவாவது பிறந்த சில மாதத்திலிருந்து நாலைந்து வயதுக்குள். மற்ற பற்களுக்கு ஏறத்தாழ எட்டு வயது வரை. அதாவது இருபத்தெட்டு வயது மாப்பிள்ளையின் பல்லில் தெரிவது அவர் பால்வாடிக்குப் போன காலத்தில் குடித்த தண்ணீர். அதற்குப் பிறகு சென்னைக்குப் போனாலும் சிங்கப்பூருக்குப் போனாலும் அது மாறாது.

ஊருக்குத் தெரியாத ரகசியமும் இல்லை இது. அமெரிக்காவில் கொலராடோ ஸ்பிரிங்ஸ் என்ற மலையூரில் பிள்ளைகளின் பல் பழுப்பாக இருப்பதைப் பார்த்து, 1901இல் அங்கே போன ஃப்ரெடெரிக் மெக்கே என்ற இளம் பல் மருத்துவர் திகைத்தார். காரணம் தண்ணீரில் இருக்கும் ஃப்ளூரைடு என்று தெரிய 1931 ஆகிவிட்டது. நம் பக்கத்தில், அன்றைய சென்னை மாகாணத்தின் நெல்லூர் மாவட்டத்தில் இதே ஃப்ளூரைடு எலும்பைத் தாக்கி ஆட்களை முடக்கியிருப்பதை ஹென்றி ஷார்ட் தலைமையிலான குழு 1937இல் எழுதியது. ஆனாலும் இன்றைக்கும் பெண் பார்க்கப் போகிற வீட்டில் யாராவது ஒருவர், “பையன் ஒழுங்கா பல்லு தேய்க்க மாட்டானோ?” என்று கேட்டுவிடுகிறார். அந்த ஒரு கேள்விக்குப் பயந்து செங்கல் தூள், கரித்தூள், சாம்பல் என்று தேய்தேய் என்று தேய்த்தவர்கள் உண்டு. கறை எனாமலுக்குள் இருக்கிறது. தேய்த்தால் எனாமல்தான் தேயும்.

கோவில்பட்டி நகரத்துக்குச் சீவலப்பேரியிலிருந்து தாமிரபரணித் தண்ணீர் குழாயில் வருகிறது. ஆற்றுத் தண்ணீர் குடித்து வளரும் பிள்ளைகளுக்கு இந்தத் தொல்லை குறையும். இப்போது கல்யாண வயதில் இருப்பவர்களுக்குப் பல்லாஸ்பத்திரிதான் வழி.

அங்கே போனதும் மருத்துவர் கேட்கிற முதல் கேள்வி, “கல்யாணம் என்னிக்கு?” என்பது. பதிலைக் கேட்டு அவர் முகம் மாறினால் ஆச்சரியப்பட வேண்டாம்.

ப்ளீச்சிங் என்பது பெராக்சைடு ஜெல் தடவி நிறத்தை வெளுக்க வைப்பது. சாதாரண மஞ்சள் பல்லுக்கு நன்றாகக் கேட்கும். ஃப்ளூரைடு கறைக்கு அரைகுறைதான். அதோடு, முதல் ஓரிரு நாள் பல் உலர்ந்து வெள்ளைத் திட்டுகள் முன்னைவிடப் பளிச்சென்று தெரியும். “இருந்ததும் போச்சே” என்று வீட்டில் பதறுவார்கள். சில நாளில் அது அடங்கும். நிறம் நிலைப்பட ஒன்றிரண்டு வாரம் வேண்டும். ப்ளீச் செய்த கையோடு பல் நிறப் பூச்சு வைத்தால் பிடிமானமும் சரியாக வராது, அதற்கும் அதே ஒன்றிரண்டு வாரம் பொறுக்க வேண்டும். மேலாகப் படிந்த பழுப்பை அமிலமும் நுரைக்கல் பொடியும் சேர்ந்த பசையால் நுண்ணிய அளவில் சுரண்டி எடுக்கும் முறையும் உண்டு. கடைசியாக வெனீர். நகம் போன்ற மெல்லிய பீங்கான் தகடு. அதை ஒட்ட, முன்பல்லை அரை மில்லிமீட்டர் அளவில் சீவ வேண்டியிருக்கும். சீவிய எனாமல் திரும்ப முளைக்காது. அளவெடுத்து, தற்காலிகத் தகடு ஒட்டி அனுப்பி, லேபிலிருந்து வந்த பிறகு நிரந்தரமாக ஒட்ட வேண்டும். கிளிப் போடுவது என்றால் ஒன்று, ஒன்றரை வருஷம். அது நிச்சயதார்த்தத்துக்கும் முன்னால் பேச வேண்டிய பேச்சு.

நிறம் தேர்ந்தெடுப்பதும் பெரிய விவகாரம். மருத்துவர் நீட்டும் பல் நிற அட்டையில் எல்லாரும் கடைசி வெள்ளையைத்தான் காட்டுவார்கள். கரிசல் வெயிலில் வளர்ந்த முகத்துக்குக் குளியலறை டைல்ஸ் நிறத்தில் பல் வைத்தால் கல்யாண வீடியோவில் மாப்பிள்ளைக்கு முன்னால் பல்தான் வரும்.

இனி பயணம். கல்யாணம் முடிந்தால் மறுவீடு, குலதெய்வம் கோயில், விருந்துக்கு விருந்து, பிறகு கொடைக்கானல். கொடைக்கானல் ஏறத்தாழ 7,000 அடி உயரம். விமானம் 35,000 அடியில் பறந்தாலும் உள்ளே இருக்கும் காற்றழுத்தம் 6,000 முதல் 8,000 அடி உயரத்து மலையில் இருப்பது போலத்தான். ஆகவே பல்லைப் பொறுத்தவரை கொடைக்கானல் பஸ்ஸும் துபாய் விமானமும் கிட்டத்தட்ட ஒரே உயரத்துக்குத்தான் கொண்டுபோகின்றன. விமானம் விறுவிறுவென்று ஏறும், பஸ் வளைந்து வளைந்து ஏறும்.

அந்த உயரத்தில், அடைபட்டுக் கிடக்கும் காற்று கால் பங்குக்கு மேல் விரியும். ப்ளீச் செய்த பல்லிலும் ஒழுங்காக ஒட்டிய வெனீரிலும் அடைபட்ட காற்று கிடையாது, அவற்றுக்குப் பயமில்லை. மூடி மறைந்த சொத்தை, கசியும் பழைய அடைப்பு, பாதியில் நிற்கும் ரூட் கெனால், வேரில் சீழ், இவைதான் வலிக்கும். இரண்டாம் உலகப் போரில் விமானிகள் மேலே போனதும் பல்லைப் பிடித்துக்கொண்டு தவித்ததிலிருந்து மருத்துவம் இந்த வலியைத் தனிப் பெயர் வைத்துக் கவனிக்கிறது. முன்பல் வெள்ளையாக வேண்டும் என்று போகிறவருக்குக் கடைவாயில் சொத்தை இருந்தால் மருத்துவர் முதலில் அதைத்தான் பார்ப்பார். “அதை அப்புறம் பாத்துக்கலாம் டாக்டர், முன்னாடி மட்டும்” என்று கெஞ்சுகிறவர்கள் அதிகம். அப்புறம் என்பது நடுவானத்தில் வந்துவிடும்.

கடைவாய்ப் பல் பிடுங்கினால் ரத்தம் உறையும் வரை ஓரிரு நாளாவது தூரப் பயணம் வேண்டாம். மேல்தாடையில் சைனஸை ஒட்டி எலும்பு வைத்து இம்பிளாண்ட் பொருத்தினால் குறைந்தது இரண்டு வாரத்துக்கு விமானம் கூடாது என்பார்கள். முப்பது நாள் லீவில் இதையும் நுழைக்கப் பார்ப்பது விஷப்பரீட்சை.

ப்ளீச் செய்தவருக்குத் தொல்லை கூச்சம். முதல் இரண்டு நாள் அதிகம், சிலருக்கு ஒரு வாரம் இழுக்கும். கொடைக்கானல் குளிர்காற்றில் வாயைத் திறந்து, சுடச்சுட டீயை ஊற்றினால் பல் வேரோடு சிலிர்க்கும். மதுரையில் இறங்கி ஜிகர்தண்டா குடித்தாலும் அப்படித்தான். கூச்சத்துக்கான பற்பசையை ஒரு வாரம் முன்பே தேய்க்க ஆரம்பித்தால் ஓரளவு தாங்கும். சாயம் பிடிக்கும் சாப்பாட்டையும் இரண்டு நாள் ஒதுக்கச் சொல்வார்கள். இட்லி உண்டு, தேங்காய்ச் சட்னி உண்டு, தயிர்ச்சோறு உண்டு, இளநீர் உண்டு. சாம்பார், காப்பி, மிளகாய்ப் பொடி, முக்கியமாக வெற்றிலை பாக்கு கிடையாது. தாம்பூலம் போடாத கல்யாணமா என்று தாத்தா கோபித்துக்கொள்வார். ப்ளீச்சிங்கை முகூர்த்தத்துக்கு இரண்டு வாரம் முன்பே முடித்துவிட்டால் தாத்தாவோடு சண்டை வராது.

வெனீர் ஒட்டிக்கொண்டு பயணம் போகிறவர் எக்ஸ்ரே, பல் நிற எண், ஒட்டிய பசையின் பெயர் மூன்றையும் செல்போனில் வைத்திருப்பது நல்லது. தகடு கழன்றால் ஒரு சின்ன டப்பாவில் பத்திரப்படுத்தி அந்த ஊர் மருத்துவரிடம் காட்ட வேண்டும். கடையில் விற்கும் உடனடிப் பசையால் தானே ஒட்டிக்கொள்பவர்கள் இருக்கிறார்கள். அதைச் சுரண்டி எடுப்பதற்குள் தகடு பாழாகிவிடும்.

எல்லாவற்றுக்கும் மேலே கடலைமிட்டாய். 2020இல் புவிசார் குறியீடு வாங்கிய கோவில்பட்டிக் கடலைமிட்டாய். வறுத்துத் தோல் நீக்கிய கடலையைக் கொதிக்கும் வெல்லப் பாகில் போட்டுக் கிளறி, பலகையில் கொட்டி, கட்டையால் உருட்டித் தட்டையாக்கி, சூடு ஆறுவதற்குள் வெட்டுகிறார்கள். ஆறினால் கல். அதை முன்பல்லால் கவ்வி, கையால் கீழே இழுத்து, ‘டக்’ என்று ஒடிப்பதுதான் ஊர் வழக்கம். பீங்கான் தகட்டின் விளிம்பைப் பெயர்க்க இதைவிட நல்ல வழி கிடையாது. தற்காலிகத் தகடு என்றால் முதல் கடியிலேயே மிட்டாயோடு வந்துவிடும்.

துபாய் நண்பர்களுக்கு என்று மாப்பிள்ளை பத்துப் பாக்கெட் கட்டச் சொல்கிறார். கடைக்காரர் பழக்கத்தில் ஒரு துண்டை எடுத்து, “சாப்பிட்டுப் பாருங்க” என்று நீட்டுகிறார். மாப்பிள்ளை வாங்கி, கல்லாப் பலகையின் விளிம்பில் வைத்து இரண்டாக ஒடித்து, சின்னத் துண்டைக் கடைவாயில் ஒதுக்கிக்கொள்கிறார். பெரிய துண்டைப் புதுப்பெண் வாங்கி முன்பல்லால் ஒடிக்கிறார்.