வட்டமாக உட்கார்ந்து ஒரு விசாரணை

பள்ளிக்கூடத்தில் அடிதடி என்றால் உடனே சஸ்பெண்ட்தான். ஆஸ்திரேலியாவில், குயின்ஸ்லாந்து மாநிலத்து மரூச்சிடோர் பள்ளி 1994-ல் வேறு வழி பார்த்தது. அடித்தவர், அடிபட்டவர், வீட்டார் எல்லாரையும் வட்டமாக உட்காரவைத்து, என்ன நடந்தது, யாருக்கு வலித்தது, எப்படிச் சரிசெய்யலாம் என்று கேட்டார்கள். பிறகு இந்த முறை பல நாடுகளுக்கும் போனது.

சரி, இந்த வட்டத்தில் பேச்சு சரளமாக வராத பிள்ளை என்ன செய்யும்? ஆட்டிசம் உள்ள பையனிடம் திடீரென்று, "அவனுக்கு எப்படி இருந்திருக்கும்?" என்றால் திருதிருவென விழிக்கலாம். அதனால் விவரம் தெரிந்த ஆசிரியர்கள் கேள்விகளை முன்கூட்டியே காட்டிவிடுகிறார்கள். அழுத முகம், கோப முகம் வரைந்த அட்டைகளில் ஒன்றை எடுத்து நீட்டினாலும் அது பதில்தான். "கண்ணைப் பார்த்துப் பேசு" என்ற அதட்டல் கிடையாது. அவன் யாரையாவது தள்ளிவிட்டான் என்றால், இரைச்சல் தாங்காமல்தான் தள்ளினானா? அப்படியானால் அவன் உட்காரும் இடத்தையும் மாற்றியாக வேண்டும். வெறும் மன்னிப்போடு விட்டால் அடுத்த வாரமும் தள்ளுவான்.