பெண்ணின் நாட்கூலி

வாகரைப் பகுதியிலே கச்சான் பிடுங்குங் காலம் வந்துவிட்டால், விடியுமுன்னரே பெண்கள் தோட்டங்களை நோக்கி நடக்கக் காணலாம். செடியைப் பிடுங்குவதும், காயை ஆய்வதும், உலர்த்துவதும் பெரும்பாலும் அவர்கள் வேலை. மூட்டை ஏற்றுவது ஆண்கள் வேலை. பொழுது சாய்ந்து கூலி எண்ணும்போது பெண்ணின் கையில் விழுவது குறைவு. ஏனென்று வினவினால், "அவன் பாரந் தூக்குகிறான், அவள் இருந்த இடத்தில் ஆய்கிறாள்" என்பார்கள்.

இவ்விடை எனக்கு நிறைவு தரவில்லை. மூட்டைக்குத் தராசு உண்டு. நாள் முழுதும் குனிந்து நிமிரும் இடுப்பின் நோவுக்குத் தராசு ஏது?

சர்வதேசத் தொழில் தாபனம் 1951 ஆம் ஆண்டில் நிறைவேற்றிய நூறாவது சமவாயம் இந்தச் சிக்கலை நன்குணர்ந்தது. "ஒரே வேலைக்கு" என்று நில்லாமல், "சம பெறுமதியுள்ள வேலைக்கு" ஒரே ஊதியம் வேண்டுமென்றது. வேலையின் பெயரை மாற்றிக் கூலியைக் குறைக்கும் உபாயம் அச்சொல்லினால் அடைபட்டது. இலங்கை அதனை 1993 இல் ஏற்றுக்கொண்டது.

மலையகத் தோட்டங்களிலோ சட்டமே இரு கூலி விதித்திருந்தது. பெண்ணுக்கு 1931 இலே வாக்குரிமை வழங்கிய நாடு, கொழுந்து கொய்யும் பெண்ணுக்குச் சம கூலி வழங்க மேலும் 53 ஆண்டுகள் எடுத்துக்கொண்டது. அதுவும் 1984 ஆம் ஆண்டு வேலைநிறுத்தத்தின் பின்னரே கிடைத்தது. 2016 ஆம் ஆண்டின் தேசிய குறைந்தபட்ச வேதனச் சட்டம் இருபாலாருக்கும் ஓர் அடிமட்டத்தை வகுத்தது. ஆயினும் அம்மட்டத்திற்கு மேலே உள்ள வேற்றுமையை அது தொடுவதில்லை. வாய்ப்பேச்சில் முடியும் நாட்கூலியை எந்த அதிகாரி வந்து பார்ப்பார்?

பெண்ணின் கூலி குடும்பத்துக்கு மேல்வரும்படி என்றொரு எண்ணம் நம்மிடையே உண்டு. போருக்குப் பின்னர் இப்பகுதியிற் பல வீடுகளுக்கு அவளே தலைவி. கடைக்காரர் அவளுக்கு அரிசியைக் குறைத்து விற்பதில்லை. அவள் கூலியின் குறை அப்பியாசக் கொப்பியில்லாத பிள்ளையாய் என் பாடசாலைக்கு வருகிறது; சிலவேளை வராமலும் விடுகிறது. அதே பாடசாலையில் ஆசிரியருக்கும் ஆசிரியைக்கும் ஒரே சம்பளத் திட்டம். அதனால் அரசாங்கம் கவிழ்ந்துவிடவில்லை.

வயற்காரர்கள் விதைப்புக்கு முன் கூடும் போகக் கூட்டத்தில், நீர் திறக்கும் நாளும் கால்நடைகளை அகற்றும் நாளும் குறிக்கிறார்கள். நாட்கூலியையும் அங்கே பேசி ஒரே தொகையாகக் குறிக்கலாம். அதற்குப் பெண்களும் அக்கூட்டத்தில் இருத்தல் வேண்டும். அவர்கள் வேலைக்குப் போயிருக்கும் பகற்பொழுதில் கூட்டம் வைத்தால் யார் வருவார்?