காண்பதற்கும் ஒரு விரதம்

(மகாவீரர் ஜெயந்தி விழாவில் நிகழ்த்தப்பெற்ற உரை)

 

கொல்லாமை ஜினாலயங்களில் ஆண்டுதோறும் பேசப்படும் பொருள். இவ்வுரை அப்பொருளைத் தொலைவிலுள்ள ஒரு காட்டிற்குக் கொண்டுசெல்கிறது. ஆப்பிரிக்காவில் ருவாண்டா, உகாண்டா, காங்கோ சனநாயகக் குடியரசு ஆகிய மூன்று நாடுகளும் கூடுமிடத்தில் விருங்கா என்னும் எரிமலைத் தொடர் உள்ளது. அதன் சரிவுகளும், வடக்கே சிறிது தொலைவிலுள்ள பிவிண்டிக் காட்டுப்பகுதியுமே மலைக் கொரில்லாக்களின் உறைவிடம். உலகில் வேறெந்தக் காட்டிலும் அவை இல்லை. உயிரியல் பூங்காக்களில் பெரும்பாலும் காணப்படுபவை தாழ்நிலத்து வகையைச் சேர்ந்தவை. எனவே மலைக் கொரில்லாவைக் காண விழைவோர் அக்காட்டிற்குள் நடந்தே செல்லவேண்டும்.

அவ்விலங்கின் பெயரிலேயே ஒரு கொலை தங்கியிருக்கிறது. 1902ஆம் ஆண்டு அக்டோபர் மாதம், ராபர்ட் ஃபான் பெரிங்கே என்னும் செருமானியப் படை அதிகாரி சபின்யோ மலையில் ஏறியபோது இரண்டு கொரில்லாக்களைச் சுட்டு வீழ்த்தினார். அறிவியல் உலகம் அதுவரை அறியாத விலங்காதலின், சுட்டவர் பெயரே அதற்குச் சூட்டப்பட்டது. அறிவியற்பெயரில் அது இன்றும் 'பெரிங்கேயி' என்றே வழங்குகிறது.

1921இல் கார்ல் ஏக்லி என்பவர் அம்மலைகளுக்குச் சென்றார். இறந்த விலங்குகளின் தோலைப் பதப்படுத்தி, உயிருள்ளவைபோல் நிறுத்திக் காட்டும் கலையில் அவர் வல்லவர். நியூயார்க்கிலுள்ள அமெரிக்க இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்திற்காக அவரும் கொரில்லாக்களைச் சுட்டார். ஆனால் வீழ்ந்து கிடந்த உடலின் முன் நின்றபோது, தம்மைக் கொலைஞனாகக் கருதாதிருக்கப் பெரிதும் முயலவேண்டியிருந்தது என்னும் கருத்துப்பட அவரே எழுதினார். பின்னர் அக்காட்டைக் காக்கவேண்டுமெனப் பெல்சிய மன்னர் முதலாம் ஆல்பர்ட்டிடம் வாதாடினார். 1925இல் ஆப்பிரிக்காவின் முதல் தேசியப் பூங்கா அங்கே அமைந்தது. மறுஆண்டு மீண்டும் சென்ற ஏக்லி, மிகேனோ மலைச்சரிவில் நோயுற்று இறந்து, அங்கேயே அடக்கம் செய்யப்பட்டார். அவர் கொணர்ந்த கொரில்லாக்கள் இன்றும் நியூயார்க்கில் கண்ணாடிக்குப் பின்னே நிற்கின்றன. மனம் மாறியபின்னும் செய்த வினை நின்றுவிடும் என்பதைச் சமணர்க்கு எவரும் எடுத்துரைக்க வேண்டியதில்லை.

இனி இன்றைய பயணத்தைக் காண்போர் வியப்படைவர். விடியற்காலையில் பயணிகள் கூடுமுன்னரே தடம் காண்போர் காட்டிற்குள் சென்றிருப்பர். கொரில்லாக்கள் ஒவ்வோர் இரவும் இலைதழைகளை மடித்துப் புதிய படுக்கை அமைப்பவை. முந்தைய இரவின் படுக்கைகளைக் கண்டு, மிதிபட்ட செடிகளைப் பின்பற்றி, கூட்டம் இருக்குமிடத்தை வழிகாட்டிக்கு வானொலிக் கருவியில் அறிவிப்பர். ஒரு கூட்டத்தைக் காண ஒரு நாளில் எட்டுப் பயணிகளுக்கு மட்டுமே அனுமதி. பதினைந்து வயது நிரம்பாதார்க்கு அனுமதி இல்லை.

நடை எளிதன்று. சேறு வழுக்கும், மூங்கிற்புதர் மறிக்கும், காஞ்சொறி ஆடையையும் ஊடுருவிச் சுடும். சிலருக்கு ஒரு மணி நேரத்தில் காட்சி கிட்டும். சிலர் ஐந்து ஆறு மணி நேரம் ஏறி இறங்குவர். பைகளைச் சுமக்கவும் வழுக்கும் இடத்தில் கைதரவும் அண்டையூர்க்காரர்கள் உடன்செல்வர். முன்பு காட்டில் கண்ணி வைத்தோருள் சிலரும் இன்று இத்தொழிலில் உள்ளனர்.

கூட்டம் அண்மையில் இருப்பதை அறிந்ததும் வழிகாட்டி அனைவரையும் நிறுத்துவார். பைகளும் ஊன்றுகோல்களும் அங்கேயே வைக்கப்படும். முகக்கவசம் அணியவேண்டும். பத்து மீட்டர் தொலைவு காக்கவேண்டும். உண்ணலாகாது, உரக்கப் பேசலாகாது, விரல் நீட்டிச் சுட்டலாகாது. ஒரு மணி நேரம் முடிந்ததும் திரும்பிவிடவேண்டும்.

இக்கட்டுப்பாடுகள் மனிதரைக் காப்பதற்கு என்று எண்ணுவோர் பலர். முதன்மை நோக்கம் கொரில்லாவைக் காப்பதே. மனிதர்க்கு இரண்டு நாள் சளியாகக் கழியும் தொற்று, கொரில்லாக் குட்டிக்கு நுரையீரல் நோயாகி உயிரைப் பறிக்கக்கூடும். ஆதலால் காய்ச்சலோ இருமலோ உடையவர் எத்துணைத் தொலைவிலிருந்து வந்திருப்பினும் உள்ளே விடப்படுவதில்லை. ருவாண்டாவில் அந்த ஒரு மணி நேரத்திற்கான கட்டணம் 1,500 அமெரிக்க டாலர். இது செல்வர்க்கே வாய்க்கும் காட்சி என்னும் குறை நியாயமானதுதான்.

ஈரியா சமிதி என்பது முன்னுள்ள நான்கு முழ நிலத்தை நோக்கி நடப்பது. கண்ணுக்குப் புலப்படாத உயிரும் தன் காலால் வருந்தலாகாது என்பதற்காகவே முனிவர் மயிற்பீலி ஏந்துகின்றனர். கொலை எண்ணம் இல்லை என்பது மட்டும் போதாது. தன் வரவே பிறவுயிர்க்குத் துன்பமாகுமோ என்னும் விழிப்பும் வேண்டும். ஆப்பிரிக்க வழிகாட்டிகள் இச்சொற்களை அறியார். அவர்கள் பயணிகளுக்குக் கற்பிப்பது ஏறத்தாழ இதனையே.

அந்த ஒரு மணி நேரத்தில் பயணி காண்பது என்ன? நூற்றைம்பது கிலோவிற்கும் மேற்பட்ட எடையுள்ள, முதுகு வெளுத்த ஆண் கொரில்லா, அமர்ந்து தண்டுகளின் நாரை உரித்து உண்கிறது. காட்டுச் செலரி, முட்செடி, காஞ்சொறி, மூங்கிற்குருத்து ஆகியவையே அதன் உணவு. இவற்றின் ஈரமே பெரும்பாலும் போதுமாதலின் அது நீர் பருகுவது அரிது. சில வேளை எறும்புகளையும் உண்ணும். ஆகவே அதனைத் துறவியாக்கிப் போற்றவேண்டுவதில்லை. மனநிறைவு கொண்டால் தொண்டையைக் கனைப்பதுபோல் ஓர் ஒலி எழுப்பும். வழிகாட்டியும் அவ்வொலியையே எழுப்பித் தம் வரவு தீங்கற்றது என உணர்த்துவார். ஆண் கொரில்லா மார்பில் அறைந்து பாய்ந்து வரினும் அது பெரும்பாலும் அச்சுறுத்தலே. ஓடாமல், தலைதாழ்த்தி அமர்ந்தால் அது நின்றுவிடும். குட்டிகள் விதி அறியாதவை. பயணியின் காலருகே வந்துவிடும். அப்போதும் கைநீட்டாமல் பின்வாங்க வேண்டியவர் மனிதரே.

1981ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் விருங்காவில் ஏறத்தாழ 250 கொரில்லாக்களே எஞ்சியிருந்தன. பின்னர் வந்த கணக்கெடுப்புகளில் அங்கே 604, பிவிண்டியில் 459 என மொத்தம் 1,063 காணப்பட்டன. காவலர், தடம் காண்போர், காட்டிற்கே சென்று மருத்துவம் செய்யும் கால்நடை மருத்துவர் ஆகியோரின் உழைப்பும், பயணிகள் செலுத்தும் கட்டணமும் இதற்குக் காரணம். மான் வகைகளுக்காக வைக்கப்படும் கண்ணியில் கொரில்லாக் குட்டிகள் சிக்கி இறப்பதுண்டு. 2012இல் ருவாண்டாவில் இளங்கொரில்லாக்கள் சில, தாமே கண்ணியை அவிழ்த்து அழித்ததை ஆய்வுக்குழுவினர் கண்டனர்.

ஆயினும் இவ்வெற்றிக்கு விலை கொடுத்தோர் உளர். காங்கோவின் விருங்காப் பூங்காவில் உயிர்நீத்த காவலர் 200க்கும் மேற்பட்டோர்.

மற்றொரு விலை பேசப்படுவது குறைவு. பிவிண்டிக் காட்டிலும் அதன் தெற்கேயுள்ள மகாகிங்காக் காட்டிலும் பத்வா என்னும் மக்கள் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்தனர். தேன் எடுத்து, கிழங்கு அகழ்ந்து, சிறு விலங்குகளை வேட்டையாடி உண்டனர். 1991இல் அக்காடுகள் தேசியப் பூங்காக்களாக அறிவிக்கப்பட்டபோது அவர்கள் வெளியேற்றப்பட்டனர். நிலமின்றி, பிறர் வயல்களில் கூலிகளாயினர். உரிய இழப்பீடின்றி அவர்கள் வெளியேற்றப்பட்டதை உகாண்டாவின் அரசியலமைப்பு நீதிமன்றம் 2021இல் ஏற்றுத் தீர்ப்பளித்தது.

வேட்டையாடியவர்தாமே என்று இதனைக் கடந்துவிட முடியாது. செய்தல், செய்வித்தல், உடன்படல் என்னும் மூவழியாலும் வினை சேரும் என்பது அருகன் அறம். கண்ணி வைக்காதவரும், துப்பாக்கி ஏந்தாதவரும், பிறர் வீடிழந்த காட்டில் நின்று கொரில்லாவைக் கண்டு மகிழ்கையில் உடன்பட்டவர் ஆகின்றனரா? ஐயறிவுயிரைக் காக்க மனிதரின் இருப்பிடத்தைப் பறிக்காத வழி அன்று தேடப்படவில்லை. தேடியிருந்தால் கிடைத்திருக்கலாம், காட்டை நன்கறிந்தவர்கள் அம்மக்களே.

மகாகிங்காவில் இன்று பத்வா மக்களே பயணிகளை அழைத்துச் செல்லும் ஒரு காட்டுவழி உள்ளது. மருந்துச் செடிகளைக் காட்டுகின்றனர், தீக்கடைந்து காட்டுகின்றனர். வழியின் முடிவில் கராமா என்னும் குகை இருக்கிறது. முன்னாளில் அவர்களின் முன்னோர் புகலிடமாகக் கொண்ட குகை அது. அதன் இருளில் பத்வாப் பெண்கள் பாடுகின்றனர். பாடல் முடிந்ததும் அவர்களும் பயணிகளோடு காட்டைவிட்டு வெளியேறுகின்றனர்.