மூடாத யன்னற் கதவுகள்



புலம்பெயர்ந்த எம்மவரின் கதைகளிலே பனி நிறையக் கொட்டுகிறது. விமான நிலையம் வருகிறது, அகதி விண்ணப்பம் வருகிறது, தொழிற்சாலையின் இரவு வேலை வருகிறது. வாங்கிய வீட்டுக்கு ஒருவர் பெயின்ற் அடிக்கிற கதையை மட்டும் நான் படித்த ஞாபகம் இல்லை. வந்திருக்கலாம், என் கண்ணிற் படவில்லை.

2018ஆம் ஆண்டு கோடையில், ரொறன்ரோவின் கிழக்கே ஸ்காபரோவில் இருக்கும் என் தங்கை வீட்டில் ஒரு மாதம் தங்கினேன். செங்கல் வீடு. முன்புற யன்னல் ஒவ்வொன்றின் இருபுறமும் ஒடுங்கிய, நீண்ட பலகைகள். அதை அங்கே ஷட்டர் என்கிறார்கள். எமக்கு ஷட்டர் என்றால் கடையடைக்க இழுத்துவிடும் இரும்புக் கதவு. இதுவோ யன்னற் கதவு போன்றது. 'போன்றது' என்று அழுத்தித்தான் சொல்கிறேன். பிணைச்சல் இல்லை, கொளுக்கி இல்லை. வைனில் என்னும் பிளாஸ்ரிக்கில் வார்த்துச் சுவரிலே திருகாணியால் பூட்டியிருக்கிறது. இரண்டையும் கழற்றிச் சேர்த்து வைத்தாலும் அந்த யன்னலை முழுதாக மறைக்காது.

ஒருகாலத்தில் அந்நாடுகளிலும் இவை மரத்தாலான மெய்யான கதவுகளாக இருந்தவைதாம். புயலுக்கும் குளிருக்கும் அடைத்தார்கள். வேலை போன பின்பும் உருவம் போகவில்லை. எங்கள் செய்யுள் மரபில் இப்படிச் சில எனக்கு நினைவுக்கு வந்தன. அது வேறு பேச்சு.

தங்கை வீட்டுக் கதவுகள் வெளிறிச் சாம்பலாகிக் கிடந்தன. வைனிலின் மேற்பரப்பைச் சூரியனின் புற ஊதாக் கதிர் அரித்துவிடுகிறது. தொட்டால் விரலில் வெண்பொடி ஒட்டும்.

"அண்ணா, நீங்கள் நிக்கேக்கையே அடிச்சுப் போடுவம். எங்கட வீட்டு யன்னல் பச்சை அடிப்பம்" என்றாள்.

எங்கட வீடு வலிகாமத்தில் இருந்தது. 1995 ஒக்ரோபர் 30ஆம் திகதி இரவு அதைப் பூட்டிவிட்டு, சனத்தோடு சனமாகத் தென்மராட்சிக்கு நடந்தோம். அடுத்த ஆண்டு திரும்பியபோது சுவர் நின்றது. கதவும் இல்லை, யன்னலும் இல்லை. திறப்பு மட்டும் அம்மாவிடம் பத்திரமாக இருந்தது.

அந்தப் பச்சை எந்தப் பச்சை என்பதில்தான் எமக்குள் பிணக்கு. நான் கடும் பச்சை என்றேன். அவள் கிளிப்பச்சை என்றாள். வீட்டின் படம் ஒன்று உண்டு. அதுவும் கறுப்பு வெள்ளை.

மச்சான் ஏணி வைத்துக் கதவுகளைக் கழற்றினார். ஒன்றின் பின்னே காய்ந்த குளவிக்கூடு. வெயில் படாத பின்பக்கம் நல்ல இளநீலம்! முன்னர் அங்கே வாழ்ந்த யாரோ விரும்பி வாங்கிய நீலம். இவர்கள் பதினைந்து வருடமாகச் சாம்பல் என்று நினைத்திருந்தார்கள்.

ஒன்றைத் தூக்கிக்கொண்டு பெயின்ற் கடைக்குப் போனோம். அங்கு நின்ற இளைஞன் என் கடும் பச்சைக்குத் தலையாட்டவில்லை. பழைய நிறத்தைவிடக் கடுமையானதைச் சாதாரண பெயின்றில் அடித்தால் அது வெப்பத்தை உறிஞ்சும், வைனில் நெளிந்துவிடும் என்றான். வெப்பத்தைத் திருப்பியனுப்பும் நிறமிகள் சேர்த்து வைனிலுக்கென்றே கலக்கிற அக்ரிலிக் பெயின்ற் உண்டு. அதில் எல்லா நிறமும் கிடையாது. அவன் நீட்டிய அட்டையில் மூன்று பச்சைகள் இருந்தன.

இழந்த வீட்டை எழுதுவதில் எம் எழுத்தாளர்கள் தேர்ந்துவிட்டார்கள். நான் அதைக் குறை சொல்லவில்லை. ஆனால் வங்கிக் கடன் கட்டி முடியாத வீட்டின் முன்னே நின்று, இல்லாமற் போன யன்னலுக்கு நிறம் தேடுகிற ஒருத்தியும் இருக்கிறாள். அவளை எழுத்தில் காணோம் என்பதே என் மனக்குறை.

இரவு அம்மாவுக்குத் தொலைபேசி எடுத்தோம்.

"பச்சைதான் பிள்ளை. ஐயா மிஞ்சிக் கிடந்த ரெண்டு ரின் பெயின்ரைக் கலந்து அடிச்சவர். பிறகு பின் யன்னலுக்குக் காணாமப் போய், அது வேற பச்சை" என்றார்.

தங்கை முன்னறையில் படுப்பவள், நான் பின்னறையில்.

சவர்க்கார நீரில் பொடி போகத் தேய்த்துக் கழுவினோம். ஒரு நாள் காயவிட்டு, மேப்பிள் மர நிழலில் வைத்து மெல்லிய பூச்சாக இருமுறை அடித்தோம். நேர் வெயிலில் அடித்தால் பரவுமுன்னே காய்ந்து பிரஷ் கோடு விழும். திரும்பப் பூட்டும்போது திருகாணியை முற்றாக இறுக்கக் கூடாது. வெயிலில் வைனில் விரியும், அதற்கு இடம் வேண்டும்.

தங்கை எடுத்தது அட்டையின் நடுப் பச்சை. அது என்னுடையதும் அல்ல, அவளுடையதும் அல்ல. பின்பக்கத்து நீலத்தில் நாங்கள் கைவைக்கவில்லை.